வாளிக் குழாயா, கால்மிதி கேனா?

குழாய் இணைப்பே இல்லாத இடத்தில் கைகழுவ ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால், குறைந்த செலவில் இரண்டு வழி உண்டு. ஒன்று, அடியில் குழாய் பொருத்திய வாளி. மற்றது, கால்குச்சியை மிதித்தால் சாய்ந்து தண்ணீர் ஊற்றும் 5 லிட்டர் எண்ணெய் கேன். செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, கேனையே வைத்துக்கொண்டோம். கொரோனா காலத்தில் வந்த இரும்புப் பெடல் ஸ்டாண்டை யோசிக்கவே இல்லை. அது உடைந்தால் வெல்டிங் பட்டறையைத் தேட வேண்டும்.

வாளி நல்ல ஏற்பாடுதான். ஆப்பிரிக்க நாடான கானாவில் வெரோனிகா பெக்கோ என்பவர் 1993-இல் உருவாக்கிய வடிவம் அது. அகலமான வாய், நிரப்புவது சுலபம், தண்ணீரும் நிறையப் பிடிக்கும். அன்னதானப் பந்தல் மாதிரி பெருங்கூட்டம் என்றால் நானும் வாளியைத்தான் சொல்வேன்.

ஆனால் தினமும் ஓட வேண்டிய இடத்தில் பழுதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிள்ளைகள் பிளாஸ்டிக் குழாயை முறுக்கி முறுக்கித் திருகுவார்கள். மண் துகள் சிக்கி வாசர் தேயும். முதலில் சொட்டும், அப்புறம் ராத்திரியோடு வாளி காலியாகிவிடும், சுற்றிலும் சேறு. வாசர் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போக வேண்டும், சூளைக்குப் பக்கத்தில் அது ஏது? அழுக்குக் கையால் திறந்த குழாயையே கழுவிய கையால் மூடுவது வேறு.

கேனில் கெடக்கூடியது கயிறும் குச்சியும்தான். கழுத்தில் கட்டிய இடத்தில் கயிறு நைந்து அறும். பெரிய பிள்ளைகளே வேறு கயிறு கட்டிவிடுகிறார்கள், யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. செய்வதும் எளிது. கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், வாயிலிருந்து நாலு விரல் கீழே, காய்ச்சிய ஆணியால் ஒரே ஒரு துளை. கைப்பிடிக்குள் குறுக்குக் கம்பு நுழைத்து, இரண்டு கவைக்கம்புகளுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். கழுத்திலிருந்து இறங்கும் கயிறு கால்குச்சியில் முடியும். தண்ணீர் துளைக்குக் கீழேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்காமலே ஒழுகும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் சீராக விழும். துளை சிறியது, காலை எடுத்ததும் நின்றுவிடும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் இடத்தில் இது பெரிய விஷயம்.

சோப்பைத் திறந்து வைத்தால் காக்கை தூக்கிப் போய்விடும். வெங்காய வலைப்பையில் போட்டு கம்பிலேயே கட்டிவிட்டோம். வலையோடு தேய்த்தாலே நுரை வருகிறது.

கேனிலும் குறை உண்டு. சீக்கிரம் காலியாகும், குறுகிய வாயில் புனல் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கத் தடுமாறும் பெரியவர்களுக்கு வாளியே மேல். மழைக்காலத்தில் சூளை ஓடாது என்பதால் எங்கள் அனுபவம் வெயில்காலத்தோடு சரி.

எதை வைத்தாலும் அடியில் உடைந்த செங்கல்லைப் பரப்பிவிடுங்கள். காலடி சேறானால் பிள்ளைகள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.