குளோர்ஹெக்ஸிடின்–கீட்டோகோனசோல் நாய் ஷாம்பு: போர் தண்ணீரில் பாதி வேலைதான்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாய்க்குச் சொறி என்று மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இந்தக் கலவையைத்தான். குளோர்ஹெக்ஸிடின் 2 சதவீதம் பாக்டீரியாவுக்கு, கீட்டோகோனசோல் 1 சதவீதம் மலசீசியா ஈஸ்டுக்கு. கால் இடுக்கில் பிசுபிசுப்பு, யானைத்தோல் மாதிரி கருத்துத் தடித்த கழுத்து, புளித்த மாவு வாடை இருந்தால் வாங்கலாம், பணம் வீணாகாது. உண்ணிக்கோ, டெமோடெக்ஸ் என்ற தோலுக்குள் வாழும் நுண்பூச்சிக்கோ இது மருந்தல்ல. டெமோடெக்ஸா என்று தெரிய, தோலைப் பிதுக்கி லேசாக ரத்தம் கசியும்வரை பிளேடால் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

"ஷாம்பு கேக்கல" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டினீர்கள் என்பது. போர் தண்ணீரின் உப்புகளோடு குளோர்ஹெக்ஸிடின் சேர்ந்தால் ஒரு பகுதி கரையாத படிவமாகிவிடும், நுரையும் குறையும். முடிந்தால் ஒகேனக்கல் (காவிரி) குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தவறு, முதலில் சோப்பு போட்டு அழுக்கெடுத்துவிட்டு மேலே ஷாம்பு போடுவது. சோப்பின் மிச்சம் குளோர்ஹெக்ஸிடினைச் செயலிழக்க வைக்கும். வேப்பெண்ணெய் பூசியிருந்தால் மருந்து தோலையே தொடாது. சாதாரண நாய் ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்து, நன்றாக அலசிய பிறகே இதைப் போட வேண்டும்.

30 கிலோ லேப்ரடாருக்கு ஒரு குளியலுக்குச் சுமார் 35 மி.லி. ஆகும். புண் அதிகமுள்ள இடத்தில் ஆரம்பித்துத் தேய்த்து, கடிகாரம் பார்த்துப் 10 நிமிடம் ஊறவிடுங்கள், நக்க விடாதீர்கள். இரண்டாவது நிமிடமே அலசினால் வெறும் குளியல்தான். வாரம் இருமுறை, 3 வாரம், 200 மி.லி. பாட்டில் ஏறக்குறைய அதற்குச் சரியாக வரும். கண்ணில் பட்டால் கருவிழி கெடும். செவிப்பறை கிழிந்த காதுக்குள் போனால் கேட்கும் திறனே போகலாம். இவ்வளவு முக்கியமான சங்கதி பல பாட்டில்களில் எறும்பு எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மதிப்பெண்ணில் ஒன்று அதற்காகவே குறைகிறது: 5-க்கு 4.

மூன்று வாரத்தில் தோல் தெளிந்து, நிறுத்தியதும் மறுபடி வந்தால் இன்னொரு பாட்டில் வாங்காதீர்கள். அடியில் அலர்ஜி இருக்கலாம், ஹார்மோன் கோளாறும் இருக்கலாம். அரிப்பே இல்லாமல் இரு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, வால் எலிவாலாகி, நாய் மந்தமாகப் படுத்தே கிடந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) குறைவு என்ற ஒற்றைச் சீட்டை நம்பி மாத்திரை தொடங்கக் கூடாது. வேறு நோயும் ஸ்டீராய்டும் அதைத் தாழ்த்திவிடும். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 சோதனைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

வயிறு தொங்கி, தோல் காகிதமாகி, தண்ணீர் அதிகம் குடித்தால் குஷிங் (உடலில் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் மிகும் நோய்) சந்தேகம். காலையில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்து பாருங்கள். கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல், அதாவது 30 கிலோ நாய் ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டினால், டெக்ஸாமெத்தசோன் அடக்கச் சோதனை (அந்த ஸ்டீராய்டு ஊசி போட்டு, கார்டிசால் குறைகிறதா என்று பார்ப்பது) பற்றி டாக்டரிடம் பேசலாம். ஊசிக்கு முன், ஊசி போட்ட 4 மணி நேரத்தில், 8 மணி நேரத்தில் என மூன்று முறை ரத்தம் எடுப்பதால் ஒரு பகல் முழுக்கப் போகும். அதற்கு முன் டாக்டரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: அரிப்புக்கு மாதாமாதம் ஊசி போட்ட நாயா? அந்த ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் குஷிங் அதனாலேயே வந்திருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.