1000 வாட் க்ரோ லைட் என்று சொல்லி 6,800 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்

“ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு மேடம், எங்க சைடுல ஒண்ணும் பண்ண முடியாது.” விளக்கு விற்ற ஆன்லைன் கடையிலிருந்து நேற்று சாயங்காலம் வந்த பதில் இது. அதற்கு மேல் நான் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை, பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வெயிலுக்குப் பதிலாக வெளிச்சம் தருகிற க்ரோ லைட் விளக்குக்குக் கொடுத்த 6,800 ரூபாய் போயிற்று. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

எங்கள் வீடு குன்னூரில் வடக்குச் சரிவில் இருக்கிறது. பழைய வீடு, குளிருக்காகச் சின்னச் சின்ன ஜன்னல். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழையும் மூடுபனியும். அது விலகி வானம் தெளிந்தாலும், தெற்கே சாய்ந்து போகிற தை மாதச் சூரியனைப் பின்னால் இருக்கும் மேடும் சில்வர் ஓக் மரங்களும் மறைத்துவிடும். நான் வளர்க்கிற ஆப்பிரிக்கன் வயலட், ரெக்ஸ் பெகோனியா என்ற அழகுச் செடிகள் எல்லாம் ராத்திரிக் குளிர் தாங்காது என்பதால் வெளியே வைக்கவும் முடியாது. மாசி, பங்குனியில் புதுத் துளிர் விடும்போது வெளிச்சம் போதவில்லை என்றால் தண்டு நீண்டு, இலை வெளுத்து, செடியே சோங்கிப் போய்விடும். அதற்காகத்தான் விளக்கு தேடினேன்.

போனில் விளம்பரமாக வந்த கடை அது, செடிப் பொருள் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை. பெயர் எழுதவில்லை. இதே ஆட்கள் நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். நம்பரைக் கூப்பிட்டேன். பேசிய பையன் விலையைச் சொல்வதற்கு முன் என் வீட்டைப் பற்றிக் கேட்டான். “ஜன்னல் எந்தப் பக்கம் பாத்திருக்குக்கா? பனி எத்தனை மணிக்கு விலகும்? வயலட்டுக்கு இலை ஓரம் கருகுதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். செடி வளர்க்கிறவன்தான் இப்படிக் கேட்பான் என்று நம்பினேன். “1000 வாட்க்கா, ஆனா எல்இடி, கரண்ட் பில் ஏறாது. ஊதா வெளிச்சம்தான் செடிக்குச் சாப்பாடு. ஒரு மாசம் பொறுமையா இருங்க, தானா தெரியும்” என்றான். அந்த “ஒரு மாசம் பொறுமையா இருங்க” என்ற வார்த்தையை மறந்துவிடாதீர்கள். அங்கேதான் சூது இருக்கிறது. 6,800 ரூபாயையும் உடனே ஜிபேயில் அனுப்பினேன்.

விளக்கு வந்தது, மாட்டினேன், அறை முழுக்க ஊதா. பொறுமையாகவும் இருந்தேன். பெகோனியாத் தண்டுகள் நீளத் தொடங்கின. தலைக்கு மேலே விளக்கு எரியும்போதே செடிகள் எல்லாம் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துச் சாய்ந்தன. அதிக வெளிச்சம் வருகிற பக்கம்தானே செடி வளையும்? மூடுபனி ஜன்னலில் வருகிற வெளிச்சம்கூட இந்த விளக்கிலிருந்து வரவில்லை. நம் கண்ணுக்கு இது தெரியாது, மங்கல் பழகியதும் போதுமான வெளிச்சம் மாதிரியே தோன்றும். செடி ஏமாறாது.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பி பிளக்கில் மாட்டுகிற வாட் மீட்டர் கொண்டுவந்து பார்த்தார். 38 வாட். பெட்டியில் 1000 வாட் என்று அச்சடித்திருக்கிறது! நிஜமாகவே 1000 வாட் என்றால் 12 மணி நேரத்துக்கு 12 யூனிட் ஓடியிருக்கும், அயர்ன் பாக்ஸ் மாதிரி கொதித்திருக்கும். அக்கறையாக ஜன்னல் திசை கேட்ட பையனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. மீட்டர் போட்டோ அனுப்பினால் “டெக்னீஷியன் கூப்பிடுவார்” என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கேட்டால் “மலையில வோல்டேஜ் கம்மி” என்றார்கள். வோல்டேஜ் சரியாக இருப்பதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். “செடில நோய் இருக்கும்” என்றார்கள். “தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க” என்றார்கள். அந்தப் பையனிடம் பேச வேண்டும் என்றால் “அவர் இப்ப இல்ல மேடம்.” பணம் வாங்கும்வரை அக்கா, பணம் போனதும் மேடம். கடைசியில் 7 நாள் ரிட்டர்ன் விதியைக் காட்டினார்கள். வெளிச்சம் போதவில்லை என்பதைச் செடி காட்டவே சில வாரம் ஆகும். அதனால்தான் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறான். தெரிந்தே செய்த திருட்டு இது. பெகோனியாவைப் பாதிக்கு மேல் வெட்ட வேண்டியதாயிற்று. இந்த வருஷத் துளிர் போனது போனதுதான், அதை எந்த ரிட்டர்னும் தராது.

என்ன வாங்கலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியில் இருக்கிற வாட்டை நம்பாதீர்கள், உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று எழுதி வாங்குங்கள், வந்த அன்றே மீட்டர் போட்டுப் பாருங்கள். ஊதா வெளிச்சம்தான் வேண்டும் என்பது பொய், வெள்ளை எல்இடியிலும் செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கிறது. உயரத்தில் மாட்டினால் எந்த விளக்கும் வீண், தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும். நான் இப்போது லோக்கல் கடையில் வாங்கிய 20 வாட் வெள்ளை எல்இடி ட்யூப்பைச் செடிக்கு முக்கால் அடி மேலே கட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிடுகிறேன். வயலட்டின் புது இலைகள் குட்டையாக, நல்ல பச்சையாக வருகின்றன.

பில், மீட்டர் போட்டோ, பேசிய வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அதில் நடக்கவில்லை என்றால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. இதே ஊதா விளக்கை வாங்கியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போவோம். 6,800 ரூபாயை விடுவதாக இல்லை.