கிளிநொச்சிச் சந்தையா, சூப்பர்மார்க்கட்டா?

தை, மாசியில் காய்கறி வாங்க எனக்குச் சந்தைதான். மாரி மழையோடு நட்ட கத்தரி, பயற்றை, பூசணி எல்லாம் ஒன்றாக வந்து குவியும். விலை தானாக இறங்கும். கத்தரிக்காயின் காம்பைத் தொட்டுப் பாருங்கள். பச்சையாக, முள் விரலில் குத்தினால் புதுசு. சூப்பர்மார்க்கட்டில் அதே காய் பொலித்தீன் சுற்றிக் குளிரில் கிடக்கும். காம்பு சுருங்கியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மத்தியானம் கடந்து போனால் மிஞ்சியதைக் கூறு கட்டி இன்னும் மலிவாகத் தருவார்கள். ஆனால் இரண்டு கூறு வாங்கி ஒன்றை அழுகவிட்டால் மிச்சம் பிடித்த காசும் அதோடு சரி. எனக்கு நடந்திருக்கிறது.

கரட், லீக்ஸ் வேறு கதை. அவை பெரும்பாலும் மலைநாட்டிலிருந்து வருபவை. சந்தையில் வாங்கினாலும் லொறிக் கூலி விலையில் ஏறித்தான் இருக்கும். அவற்றைச் சூப்பர்மார்க்கட்டில் கழிவு விலை போடும் நாளில் வாங்குவேன். கார்த்திகை அடைமழையிலும் சந்தையில் மலிவை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் பாலைப்பழம், காட்டுப் பாலை மரத்தில் பழுக்கும் சின்ன மஞ்சள் பழம். வைகாசி, ஆனியில் தெருவோரம் வரும். அதன் பாலில் உதடு ஒட்டும், பரவாயில்லை. சூப்பர்மார்க்கட்டில் அதை நான் இதுவரை கண்டதில்லை.