ஆன்டிஆக்ஸிடன்ட் லெவல் கம்மின்னு சொல்லி பவுடர் வித்தாங்க, ஏமாந்துடாதீங்க

முதல் ஐவிஎஃப், அதான் டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சை, ஃபெயில் ஆன வாரம் நமக்கு புத்தியே வேலை செய்யாது, அந்த நேரம் பாத்துதான் இதை என் தலையில கட்டினாங்க. எனக்கு வயசு 37. ஒன்பது முட்டை எடுத்து ரெண்டுதான் கருவாகி அஞ்சாவது நாள் வரைக்கும் தாக்குப் பிடிச்சுச்சு, வச்சதும் ஒட்டல. ரிவ்யூக்கு போனா டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசிட்டு கவுன்சிலர்னு ஒருத்தங்ககிட்ட தள்ளிவிட்டுட்டாங்க. அவங்க ஒரு ப்ளட் ரிப்போர்ட்ட நீட்டி, "மேடம் உங்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் லெவல் ரொம்ப லோ, அதான் முட்டை குவாலிட்டி இப்படி, மூணு மாசம் இந்த பேக் எடுங்க, அப்புறம் பாருங்க"ன்னாங்க.

ரிப்போர்ட்ல நம்பர் மட்டும்தான், பக்கத்துல நார்மல் ரேஞ்சே கிடையாது. அழுதுட்டு இருந்த எனக்கு அது எங்க கண்ணுல படும்.

மூணு மாசக் கணக்கு மட்டும் சும்மா சொன்னதில்ல, ஒரு முட்டை கடைசிக் கட்டமா வளர்ந்து ரெடியாக கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகும், நானும் தேடிப் பாத்து சரிதான்னு மீதி எல்லாத்தையும் சேத்து நம்பிட்டேன்.

இப்போ பெரிய கூத்து கேளுங்க. நான் தைராய்டு மாத்திரை போடுறவ. ரெண்டாவது மாசம் ரத்த டெஸ்ட்ல டிஎஸ்எச் (தைராய்டை வேலை செய்யச் சொல்ற ஹார்மோன், மாத்திரை அதிகமானா இது குறையும்) திடீர்னு ரொம்ப கம்மியா வர, அதே இடத்துல டோஸை குறைச்சுட்டாங்க. ஒரே அசதி, சந்தேகம் வந்து வேற டாக்டரம்மாகிட்ட போனேன், அவங்க கேட்ட முதல் கேள்வியே "பயோட்டின் ஏதாவது சாப்பிடறியாம்மா?" அது ஒரு பி வைட்டமின். பவுடர் டப்பாவ திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான்! அவ்வளவு பயோட்டின் ரத்தத்துல இருந்தா நிறைய லேப் மெஷின்ல டிஎஸ்எச் பொய்யா கம்மியா காட்டும், எஸ்ட்ரடையால்ங்கற பெண் ஹார்மோனை பொய்யா அதிகமா காட்டும், அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. நிறுத்திட்டு சில நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்தா டிஎஸ்எச் இருக்க வேண்டியதைவிட அதிகம், டோஸ் குறைச்சதோட பலன்!

அந்த லெவல் ரிப்போர்ட்ட காட்டினதுக்கு டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. இவ்வளவுக்குக் கீழ போனா முட்டை மோசம்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவே கிடையாதாம். முட்டை வளர்ற ஃபாலிக்கிள்ங்கற பைக்குள்ள இருக்கற திரவத்துல என்ன நடக்குதுன்னு கை ரத்தத்த வச்சு சொல்லவும் முடியாதாம். என் வயசுல முக்கியமான பிரச்சனை முட்டையோட குரோமோசோம் கணக்கு தப்பறது, அதை எந்த பவுடரும் சரி பண்ணாது. ஃபாலிக்கிள் வெடிச்சு முட்டை வெளிய வரவே, ஆன்டிஆக்ஸிடன்ட் தடுக்கற அந்த ஆக்ஸிடேஷன் கொஞ்சம் வேணுமாம், நான் என்னமோ அதெல்லாம் விஷம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட்டே டுபாக்கூர்னு சொல்ல வரல. கோக்யூ10ங்கற ஆன்டிஆக்ஸிடன்ட்ட நல்ல டாக்டர்ஸும் சிலருக்கு எழுதறாங்க. ஆனா மருத்துவ ஆய்வுகளை மொத்தமா அலசற காக்ரேன் அமைப்போட 2020 ரிவ்யூ 63 ஆய்வு, 7760 பெண்கள்னு பாத்துட்டு, பலன் இருக்கலாம், ஆதாரம் ரொம்ப வீக்குன்னுதான் சொல்லுது. "இருக்கலாம்"ங்கறத "கட்டாயம்"னு வித்ததுதான் எனக்கு எரியுது, அதுலயும் 37 வயசுல மூணு மாசம் போச்சு.

பிரிக்காத டப்பா ரெண்டு மிச்சம் இருந்துச்சு, திருப்பிக் குடுக்கப் போனேன். பில்லை எடுங்கன்னாங்க. எடுத்துப் பாத்தா பவுடர்னே எழுதல, "கன்சல்டேஷன்"னு போட்டிருக்கு.