பனி சுமந்த மீன் பெட்டி

கேப் டவுன் துறைமுகத்துப் பக்கம், படகுக்காரர்களுக்குத் தூண்டிலும் கயிறும் விற்கிற சின்னக் கடை. அங்கே 2022-இல் 60 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்றை 2,400 ரேண்டுக்கு வாங்கினேன். மூன்று பருவம் பார்த்தாகிவிட்டது, இனி தைரியமாகச் சொல்லலாம்.

கல்லாவில் இருந்த பெரியவர் டர்பன் தமிழ்க் குடும்பம். "வாம்மா" என்று வரவேற்பார், மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலம். மீன் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று கேட்டார். "மீன் இல்லை அங்கிள், அண்டார்டிக்கா பனி" என்றேன். கொஞ்சமும் அசராமல், வெறும் ஐஸ் வைக்காதே, உப்புத் தண்ணீரை பாட்டிலில் உறையவைத்துப் போடு என்றார். சாதா ஐஸ் 0 டிகிரியில்தான் உருகும். பத்தில் ஒரு பங்கு உப்புக் கரைத்து உறையவைத்தால் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயே இளகத் தொடங்கி, பெட்டியையும் அங்கேயே பிடித்து வைக்கும். எந்த ஆய்வுக்கூடத்துக் கையேட்டிலும் நான் படிக்காத யோசனை.

பனிக்கு எதற்கு இவ்வளவு பாதுகாப்பு? எங்கள் ஆய்வுக்கு வேண்டியது அதில் கிடக்கும் நைட்ரேட், அதாவது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்புப் பொருள். ஒரு லிட்டர் உருகிய பனியில் சில பத்து மைக்ரோகிராம்தான் இருக்கும். ஆனால் காற்றில் என்ன நடந்தது என்பது அதன் அணுக்களிலேயே பதிந்திருக்கிறது. ஓசோனில், ஆக்சிஜனின் சற்றுக் கனமான வகையான ஆக்சிஜன்-17 வழக்கத்துக்கு மாறாகக் கூடுதல். ஓசோன் வழியாகப் பிறந்த நைட்ரேட்டுக்கும் அந்தக் கூடுதல் வந்து சேரும். குளிர்கால இருட்டில் அது உச்சத்தில் இருக்கும். கோடையில், வெயிலால் காற்றில் உருவாகும் ஹைட்ராக்சில் போன்ற துடிப்பான துகள்கள் ஓசோனுக்குப் பதிலாக வேலையில் இறங்கும்போது குறையும். நைட்ரஜன் சொல்லும் கதை வேறு. வெயிலின் புற ஊதாக் கதிர் பனிக்குள்ளேயே நைட்ரேட்டை உடைக்கும்போது லேசான நைட்ரஜன்-14 முந்திக்கொண்டு வெளியேறும், கனமான 15 தங்கிவிடும். பனி குறைவாக விழும் கிழக்கு அண்டார்டிக்கா மேட்டில் மிஞ்சியதை அளந்தால், நைட்ரஜன்-15-இன் விகிதம் சாதாரணக் காற்றோடு ஒப்பிட ஆயிரத்துக்கு 300-க்கும் மேல் கூடியிருக்கும். பனி அதிகம் விழும் கரையோரத்தில் சீக்கிரம் புதைந்துவிடுவதால் இழப்பு குறைவு.

வழியில் வெளிச்சம் பட்டால் அதே உடைசல் என் பெட்டிக்குள்ளும் நடக்கும். உருகினாலோ நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்னும். அதனால் வாங்கிய அன்றே இருட்டறையில் பெட்டிக்குள் டார்ச்சை எரியவைத்து மூடிப் பார்த்தேன். மூடி ஓரத்தில் ஒரு கீற்றுகூடக் கசியவில்லை.

உண்மையான சோதனை 2023-இல் வந்தது. தென்னாப்பிரிக்காவின் அண்டார்டிக்கா ஆய்வுக் கப்பலான அகுல்ஹாஸ் 2-இல் வந்த பனி எங்கள் ஃப்ரீசரில் இருந்தபோது லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. பைகளை அள்ளிப் பெட்டியில் அடுக்கி உப்பு பாட்டில்களைச் சுற்றி வைத்தேன். நாலரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது உள்ளே மைனஸ் 12. ஒரு பைகூட ஓரம் நனையவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு வருடம் போய், பனி எடுத்த அந்தக் குழியை வெட்ட முடியாது, அதில் பதிந்திருப்பது போன வருடத்துக் காற்று.

குறை என்றால் மூடியின் கொக்கிதான். பிளாஸ்டிக், கடுங்குளிரில் நொறுங்கும். இரண்டாவது பருவத்தில் ஒன்று கையோடு வந்துவிட்டது. பெரியவர் காசு வாங்காமல் ஸ்டீல் கொக்கி மாட்டிக் கொடுத்தார். வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லிவிடுங்கள். அடைப்பு ரப்பரையும் வருடம் ஒருமுறை பாருங்கள்.

என்னைப் போன்ற வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பெட்டியையும் பனி மாதிரி வைக்கிற பாட்டிலையும் நைட்ரிக் அமிலத்தில் கழுவவே கூடாது. ஒரு சப்ளையர் நல்லெண்ணத்தில் அப்படிக் கழுவி அனுப்பிய 40 பாட்டில்களை நான் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த அமிலமே நைட்ரேட்தானே. சுத்திகரித்த நீரில் திரும்பத் திரும்ப அலசினால் போதும்.

டிசம்பரில் கப்பல் கிளம்பும் முன் இன்னொன்று வாங்கப் போகிறேன், இந்த முறை 80 லிட்டர்.