ஹைபர்னேட் கோளாறுக்கு ‘போர்டு சர்வீஸ்’ பில்: லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க

ஒரு லேப்டாப் கடையில் 5,500 ரூபாய் அழுதிருக்கிறேன். பில்லில் ‘மதர்போர்டு சிப் லெவல் சர்வீஸ்’ என்று இருக்கிறது. உண்மையில் அவர்கள் செய்தது, விண்டோஸில் ஹைபர்னேட் வசதியை, அதாவது திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் சேமித்துவிட்டு மெஷினை அணைக்கும் வசதியை, நிறுத்தியது மட்டும்தான்.

கோளாறு இதுதான். ஹைபர்னேட்டிலிருந்து எழுந்ததும் பேட்டரி அளவு ஒரே எண்ணில் நின்றுவிடும். சார்ஜரைச் சொருகினாலும் பிடுங்கினாலும் திரைக்குத் தெரியாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். இதை அப்படியே சொன்னேன். கடைக்காரர் என் கண் முன்னாலேயே ஷட்டவுன் செய்து, திரும்ப ஆன் செய்தார். 63 சதவீதத்திலேயே நின்றது.

“பாத்தீங்களா சார், ஹைபர்னேட்டே பண்ணல, அப்பவும் வருது. பவர் ஐசி போயிருக்கு. இப்படியே விட்டா மொத்த போர்டும் போயிடும்.”

பவர் ஐசி என்றால் மதர்போர்டில் மின்சாரத்தைக் கவனிக்கும் சிப். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது நம் புரோகிராம்கள் மூடப்படும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் டிஸ்கில் எழுதிவைக்கப்படும். பாதி ஹைபர்னேட்தான் அது. முழுதாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையும். தினமும் பத்து லேப்டாப் பார்ப்பவருக்கு இது தெரியாதா என்ன?

மெஷின் ‘சரியாகி’ வந்தது. பவர் மெனுவில் ஹைபர்னேட்டைக் காணோம். சி டிரைவில் திடீரென்று 6 ஜிபிக்கு மேல் காலியிடம். என்னுடையது 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஹைபர்னேட் கோப்புக்கு வழக்கமாக ரேமில் 40 சதவீதம் ஒதுக்கப்படும். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அப்புறம் திருப்பிப் பார்த்தேன். அடிமூடியின் திருகு மேல் ஒட்டியிருந்த சீல் கிழியாமல் அப்படியே இருந்தது. திறக்காமலேயே ஐசி மாற்றியிருக்கிறார்கள்!

ஹைபர்னேட்டை மறுபடி ஆன் செய்தேன், கோளாறும் கூடவே வந்தது. இதில் நடப்பது என்னவென்றால், ஹைபர்னேட்டில், அதாவது ஏசிபிஐ என்ற மின்மேலாண்மைத் தரத்தின் கணக்கில் எஸ்4 நிலையில், ரேமில் இருப்பதெல்லாம் டிஸ்குக்குப் போய்விடும். எழும்போது பயாஸ் (மெஷினைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர்) புதிதாகத் தொடங்குகிறது, விண்டோஸோ விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ‘நான் எழுந்துவிட்டேன்’ என்று விண்டோஸ் ஃபர்ம்வேருக்குச் சொல்ல ஒரு அழைப்பு உண்டு. பேட்டரி, சார்ஜர் நிலை மாறியிருந்தால் ஃபர்ம்வேர் அப்போது தெரிவிக்க வேண்டும். அந்தப் பகுதியைத் தயாரிப்பாளர் அரைகுறையாக எழுதியிருந்தால், பழைய எண்ணே திரையில் உட்கார்ந்திருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் என் மாடலுக்கான புது பயாஸ் இருந்தது. சார்ஜரைச் சொருகிவைத்துப் போட்டேன், தீர்ந்தது. செலவு பூஜ்யம்.

லினக்ஸில் இதே தொல்லை இருந்தால், ஹைபர்னேட் முறையை ‘பிளாட்ஃபார்ம்’ என்பதிலிருந்து ‘ஷட்டவுன்’ என்று மாற்றிப் பாருங்கள். ஃபர்ம்வேரின் எஸ்4 வழியைத் தொடாமல் சாதாரணமாக அணையும். சில மெஷின்களில் அதுவே போதும்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, “அதான் பிரச்சனை வரலையே சார், அப்புறம் என்ன?” என்றார். கழற்றிய ஐசியைக் காட்டச் சொன்னேன், தூக்கிப் போட்டாயிற்றாம். யாராவது உங்களிடம் போர்டு போயிற்று என்றால், முதலில் ரீஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். அதில் கோளாறு மறைந்தால் பயாஸைப் பார்க்காமல் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கழற்றும் பாகம் கைக்கு வரவேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.