கரண்ட் போனால் சர்வரை அணைக்க: ஏபிசியுபிஎஸ்டியா, நட்டா?

ஏபிசியுபிஎஸ்டி (apcupsd), நட் (NUT) ரெண்டும், கரண்ட் போனதை யூபிஎஸ்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேட்டரி தீருமுன் சர்வரை ஒழுங்காக அணைக்கும் மென்பொருள்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடையில் சின்ன லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த ரெண்டில்தான் குழம்புகிறார்கள். ரெண்டும் இலவசம், செலவெல்லாம் யூபிஎஸ்ஸுக்குத்தான். (வீட்டு இன்வெர்ட்டர் சர்வரிடம் பேசாது, அதை விடுங்கள்.)

எந்த யூபிஎஸ்?
ஏபிசியுபிஎஸ்டி: ஏபிசி (APC) கம்பெனி யூபிஎஸ்ஸுக்கென்றே எழுதியது.
நட்: யூஎஸ்பி உள்ள பல கம்பெனி யூபிஎஸ்களோடும் பேசும்.

அமைப்பது?
ஏபிசியுபிஎஸ்டி: முக்கியமாக ஒரே கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல். பேட்டரி 5 சதவீதம் அல்லது 3 நிமிடம் மிஞ்சும்போது அணை என்று அதிலேயே இருக்கும், ஆனால் பழைய பேட்டரியை வைத்துக்கொண்டு அதை நம்பாதீர்கள், 30 சதவீதம், 10 நிமிடம் என்று ஏற்றிவிடுங்கள்.
நட்: நாலைந்து ஃபைல், முதல் நாள் தலை சுற்றும்.

கரண்ட் வந்ததும் சர்வர் திரும்ப எழுவதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். பயாஸில் (சர்வர் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்கில்) மின்சாரம் வந்ததும் ஆன் ஆகு என்று வைத்தால் மட்டும் போதாது. சர்வர் அணைந்ததும் யூபிஎஸ்ஸும் தன் அவுட்புட்டை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் சர்வருக்கு மின்சாரம் போனதே தெரியாமல் அணைந்தபடியே கிடக்கும். இதற்கான கட்டளை ரெண்டிலும் உண்டு, உங்கள் யூபிஎஸ் அதைக் கேட்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஏபிசி யூபிஎஸ் ஒன்று, சர்வர் ஒன்று என்றால் ஏபிசியுபிஎஸ்டி. வேறு கம்பெனி, அல்லது அதே யூபிஎஸ்ஸில் சினாலஜி கம்பெனியின் நாஸும் (நெட்வொர்க்கில் ஃபைல் சேமிக்கும் பெட்டி) ஓடுகிறதா? நட்தான், சினாலஜிக்குள் இருப்பதும் அதுவே.